கல்லின் மேல் போட்ட பழி

தேவராஜின் இடது கண்ணைப் பறித்தவன் நான்தான். அது விபத்து என்று ஆவடியில் எல்லோரும் நம்புகிறார்கள். விபத்தல்ல... வேண்டுமென்றே செய்தேன்!

உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. எண்பதுகளில் இங்கே ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் ஹாக்கி அணியில் நான் ஃபுல்பேக். கோலுக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறிப்பதுதான் என் வேலை. உத்தியோகமும் குவார்ட்டர்ஸும் அதற்காகவே கிடைத்தவை. சுவர் மாதிரி மறித்து நிற்பதால் என்னைச் 'சொவுரு' என்பார்கள். முன்பல் இரண்டு போயிருந்தது, சுண்டுவிரல் கோணியிருந்தது. அவற்றைப் பெருமையாக ஊருக்குக் காட்டித் திரிந்தவன் நான். எத்தனை பேர் கணுக்காலைப் பதம் பார்த்திருப்பேன்! அதற்கெல்லாம் நான் வருந்தவில்லை. அவர்களும் என்னை அடித்தார்கள், ஆட்டம் முடிந்ததும் ஒன்றாக நின்று டீ குடித்தோம்.

தேவராஜ் விஷயம் வேறு.

அவன் மேனாம்பேட்டுக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டு, உள்ளூர் அணி ஒன்றுக்கு முன்வரிசையில் ஆடினான். இருபத்திரண்டு வயதிருக்கும். அந்த வருடம் எங்கள் தொழிற்சாலை ஒரே ஓர் ஆட்டக்காரனை வேலைக்கு எடுக்கவிருந்தது. அவனைப் பார்ப்பதற்கென்றே அதிகாரிகள், எங்களுக்கும் அவன் அணிக்கும் நடந்த ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு அது எப்பேர்ப்பட்ட நாள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன்.

முதல் பாதியில் இரண்டு முறை என்னை ஏய்த்துவிட்டுப் போனான். இரண்டாம் முறை நான் தடுமாறி உட்கார்ந்தே விட்டேன். வேலியோரம் நின்ற கூட்டம் சிரித்தது. "மாமே, சொவுரு சாஞ்சிகினு போவுது பாரு" என்று எவனோ சொன்னது காதில் விழுந்தது. என் மனைவியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். கால்கள் சொன்னபடி கேட்காத வயது வந்துவிட்டது எனக்கு... அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது?

பிற்பாதியில் ஒருமுறை பந்து என்னிடம் இருந்தது. அதைப் பறிக்க அவன் குனிந்து ஓடிவந்தான். தரையோடு தள்ளிவிட்டிருக்கலாம்... எவ்வளவு இடம் இருந்தது! நானோ மட்டையைச் சற்றே மல்லாத்திப் பந்து மேலெழும்பும்படி அதன் அடியில் ஓங்கி வெட்டினேன். அவன் முகத்தைக் குறிவைத்தேன். கண்ணை நினைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? பல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். முகத்தில் அடிக்கத் துணிந்தவன், பல்லோடு நிற்கட்டும் என்று பந்திடம் சொல்ல முடியுமா?

எங்கள் மைதானம் கப்பியும் செம்மண்ணும் கலந்தது. பந்து எதிலாவது பட்டு எகிறுவது அங்கே சகஜம். எனக்குப் பின்னாலிருந்த கோல்கீப்பர்தான் முதலில் ஓடிவந்து, கல்லில் பட்டு எகிறிவிட்டது என்றான். நடுவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட முகத்தோடு அவன் என்னைத் தேற்றினான்.

"நீ இன்னா பண்ணுவ அண்ணாத்தே? கல்லு எகிறினா யாருதான் தடுக்க முடியும்? மனசுல வெச்சிக்காத."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகையைப் பார்த்து ஊர் என்னை நல்லவன் என்றது!

தொழிற்சாலை வேலை இன்னொருவனுக்குப் போயிற்று. ஒற்றைக் கண்ணுக்கு அளவு பிடிபடாமல் லேத்தையும் விட்டுவிட்டு, எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் தேவராஜ் காவலாளியானான்.

தவக்காலம் தோறும் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், குடி, பொய்... எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்ல மட்டும் நா எழவில்லை. அவனிடமே போய்ச் சொல் என்று அவர் சொல்லிவிட்டால்?

காயம் ஆறியதும் அவன் ஒரு காரியம் தொடங்கினான். ஞாயிறுதோறும் ஆட்டத்துக்கு முன்னால் ஓர் இரும்புச் சட்டியோடு வந்து, மைதானத்தில் குனிந்து கல் பொறுக்கினான். யாரும் அவனை ஏவவில்லை. தனக்கு ஆனது இன்னொருவனுக்கு ஆகக் கூடாது என்றான். பூசை முடிந்த கையோடு நானும் போய் அவன் பக்கத்தில் குனிவேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தொண்ணூறுகளில் நான் ஆட்டத்தை விட்ட பிறகும் இது நிற்கவில்லை.

அப்படி ஒரு காலையில், கோலுக்கு எதிரே மண்ணில் புதைந்திருந்த ஒரு கல்லை அவன் கெல்லி எடுத்தான். நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த மாரி ஒண்ணுதான் அன்னிக்குக் கெடந்திருக்கும், இல்ல அண்ணாத்தே?"

பக்கத்தில் யாருமில்லை. அவன் கேட்டே விட்டான். எத்தனையோ வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் தொண்டை வரை வந்தன... சத்தியமாக வந்தன!

"ஆமாண்டா, இப்படித்தான் இருந்திருக்கும்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு அதைச் சட்டியில் போட்டான். இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன். அவன் இன்னும் அந்தக் கல்லைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்.