ஒரே நிறச் சேலை

பனச்சமூடு ரோட்டோரம் பழந்துணிக் குவியல் எரிவதைப் பார்த்த அன்று, ஒரு வருடம் புதுத் துணி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். எட்டு மாதம் கிழிந்ததைத் தைத்தே உடுத்தினேன். அப்போது பாறசாலையிலிருந்து அக்கா, தன் மகள் கல்யாணத்துக்காக எனக்கொரு பாலியஸ்டர் சேலை கொண்டுவந்தாள்.

“வீட்டுப் பெண்ணுங்க எல்லாருக்கும் ஒரே கலர் ஆக்கும்.”

“எனக்கிட்ட பட்டு உண்டு அக்கா, அது போதும்.”

“போட்டோவுல நீ மட்டும் தனியா நிப்பியா மக்கா?” என்றபோது அவள் கண் கலங்கியது. வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அதை எங்களில் யாரும் உடுத்தவில்லை. கிழித்துத் தரை துடைத்துப் பார்த்தேன், தண்ணீரை உறிஞ்சவில்லை.

அடுத்த மாதம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் எல்லாருக்கும் பச்சை நிறச் சேலை என்று சொல்லியனுப்பினார்கள். நான் ரவிக்கை தைக்க அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பினேன்.