ஜலஜா வைக்கும் பச்சைப் பொட்டு

சித்திரை வெயிலில் ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகர் மொத்தமும் வெந்துகொண்டிருக்க, ஜலஜா தடித்த கம்பளிக் கையுறைகளை மாட்டிக்கொண்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகு எடுக்கப் பார்க்கிறாள். கடுகு வரவில்லை, வெந்தயமும் சீரகமும் சமையல் மேடையெல்லாம் சிதறுகின்றன. அடுத்து குக்கர் வெயிட். அது வருகிறது. வாசல் தாழ்ப்பாள், அதுவும் வருகிறது. கடைசியில் கணவர் நாராயணசாமியின் சட்டைப் பித்தானில் கைவைக்கிறாள். சட்டையை அவர் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஏய், விடு! டிவி பாக்க விட மாட்டியா?"

பக்கத்து வீட்டுப் புஷ்பாவுக்கு ஆரம்பத்தில் பயமாகத்தான் இருந்தது. "ஏன்க்கா, இந்த வெயில்ல கிளவுசு? கையில ஏதாச்சும் அலர்ஜியா?" என்று கேட்டாள்.

"பயம் நக்கோ புஷ்பா, இது ஆபீஸ் வேலை."

"உங்க ஆபீஸ்ல கடுகா தாளிக்கிறாங்க?"

வெள்ளைக்காரன் காலத்தில் கண்டோன்மெண்ட் வேலைக்கு வந்து மாரெட்பள்ளியிலேயே வேர் பிடித்துவிட்ட குடும்பம் ஜலஜாவுடையது. அதனால் அவள் பேசும் தமிழில் ஆமாவுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் கறிவேப்பிலை மாதிரி விழும். சர்லபள்ளி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன தனியார் கம்பெனியில் அவளுக்கு வேலை. பட்டாளத்து ஆட்கள் தோளில் மாட்டிக்கொண்டு பேசும் ரேடியோ செட்டுகள் அங்கே தயாராகின்றன. ஒவ்வொரு செட்டையும் பேசிப் பார்த்து, திருகிப் பார்த்து, சரியென்றால் பின்பக்கத்துத் திருகாணி மேல் ஒரு சொட்டு வண்ணம் வைத்து அனுப்ப வேண்டும். யாராவது திறந்தால் அந்தப் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கொரு நிறம், ஜலஜாவுக்குப் பச்சை.

பேசிப் பார்ப்பதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாலே போதும். ஜலஜாவுக்கு அது ஒத்துவராது. "சாப்டியா? ஓவர்" என்பாள். கூடத்தின் மறுகோடியிலிருந்து உஷா, "தின்னானு வதினா, ஓவர்" என்று தெலுங்கில் பதில் சொல்வாள். மத்தியானம் வரைக்கும் உஷா இப்படி எத்தனை முறை சாப்பிடுகிறாள் என்று கணக்கில்லை.

வீட்டில் நாராயணசாமிக்கும் அவளுக்கும் தினம் ஒரு சண்டை உண்டு. டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து, நம் சிப்பாய்களுக்குப் போதுமான நவீனச் சாமான் கொடுக்கிறார்களா இல்லையா என்று கத்துவார்கள். நாராயணசாமி ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொள்வார். "எல்லாம் பழைய சரக்கு! ஊர்ல உலகத்துல என்னென்னமோ வந்தாச்சு!"

"புதுசுன்னா மட்டும் ஆச்சா? கையில மாட்டிப் பாத்தாதான் தெரியும்" என்பாள் ஜலஜா.

கையில் மாட்டிப் பார்க்கிற புத்தி அவளுக்கு வந்தது போன சித்திரையில். பனிமலைச் சாவடியில் காவல் இருக்கும் மகன் ஜெயந்த் லீவில் வந்திருந்தான். நாராயணசாமி விடாமல் துளைத்தார். பையன் குறையொன்றும் சொல்லவில்லை. "கோட்டு ஏ ஒன்ப்பா. பூட்ஸ் எங்க சீனியருங்க எல்லாம் சொந்தக் காசுல வாங்குவாங்களாம், இப்ப ஆர்மியிலயே குடுக்கறாங்க, சொட்டுத் தண்ணி உள்ள போவாது. ராத்திரி பாக்கற கண்ணாடிதான் எல்லாருக்கும் இல்ல, மாத்தி மாத்திப் போட்டுக்கறோம்."

ஜலஜா ஆவி பறக்கும் காபியை நீட்டினாள். யாராயிருந்தாலும் டம்ளரின் விளிம்பைப் பிடிப்பார்கள். ஜெயந்த் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் வயிற்றைப் பிடித்தான். பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தான்.

"சுடலையாடா?"

அப்போதுதான் அவன் டம்ளரைப் பார்த்தான். "அந்த ரெண்டு விரல்ல ஒண்ணும் தெரியலமா. டாக்டர் மெதுவா சரியாயிடும்னாரு. செட்டுல சேனல் மாத்தற குமிழ் இருக்குல்ல, ரொம்பச் சின்னது. கிளவுசோட புடிச்சா வழுக்குது. அந்தப் பனியில கழட்டித்தான் திருப்பணும்."

"எந்த செட்டுடா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "பச்சைப் பொட்டு வெச்சதும்மா. எங்கம்மா வெச்ச பொட்டுன்னு பசங்க எல்லாருக்கும் காட்டினேன். அதான் சொல்ல மனசு வரல."

அன்று ஜலஜா சாப்பிடவில்லை. அந்தக் குமிழை அவள் திருப்பாத நாளில்லை. வரைபடத்தில் வழவழவென்று திரும்ப வேண்டுமென்று போட்டிருந்தது, திரும்பியது. வெறுங்கை, ஹைதராபாத் வெயில், சூடான விரல்கள். அவளும் சரி, அவளோடு வேலை செய்தவர்களும் சரி, குளிரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் ஜலஜாவுக்குப் பாதி வியாதி போய்விடும். இதில் யாரைத் திட்டுவது? பையன் அதே செட்டைத் தேடி மலையேறிப் போய்விட்டான். அடுத்த பனி விழுந்து பாதை அடைபடுவதற்குள் குமிழ் மாறாவிட்டால், இன்னொரு குளிர்காலம் முழுக்க அவன் கையுறையைக் கழற்ற வேண்டும். அந்த விரல்கள் தாங்குமா?

செகந்திராபாத்தில் கிடைத்ததிலேயே தடித்த கையுறையை வாங்கிக்கொண்டு என்ஜினீயர் ரகுநாதனின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். கும்பகோணத்துப் பிள்ளை, கொண்டாப்பூரில் குடியிருக்கிறான். மறுபேச்சுப் பேசாமல் மாட்டித் திருப்பினான். வழுக்கியது. மறுபடி திருப்பினான், மறுபடி வழுக்கியது.

"இத ஏன்க்கா நாங்க யாருமே போட்டுப் பாக்கல?"

"இங்க நமக்கு எப்பப்பா குளிரிச்சு?"

நினைத்த மாத்திரத்தில் குமிழை மாற்றிவிட முடியாது. பட்டாளம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ரகுநாதன் பெரிய குமிழ் ஒன்று வரைந்தான், ஓரமெல்லாம் பல் வைத்து. போனாலு திருவிழாவுக்கு ஊரே கொட்டடித்துக் கூத்தாட, பாலாநகர் வார்ப்புப் பட்டறைக்காரர் கடையை அடைக்காமல் உட்கார்ந்து வார்த்துக் கொடுத்தார். பரிசோதனைக்கு வந்த ராணுவ அதிகாரி, சாமான்களைக் குளிரில் வைத்துச் சோதிக்கும் உறைபனி அறைக்குள் கையுறையோடு தானே நுழைந்தார். திருப்பிக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபோது மீசையெல்லாம் வெள்ளை. "டீக் ஹை", சரியாயிருக்கிறது, என்று மட்டும்தான் சொன்னார். ஜலஜாவுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

பாதை மூடுவதற்கு முந்திப் போன கடைசி வண்டிகளில் குமிழ்களும் போய்ச் சேர்ந்தன. ஜெயந்த் போன் செய்தான். "வந்துருச்சுமா. கிளவுசோடவே திருப்பறேன்."

"ஹவ்வா? சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் ஒரு தூக்குச் சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கம்பெனிக்குப் போயிற்று. ரகுநாதன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அன்றிலிருந்து ஜலஜா விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்ளும் பெயர்கள் கூடிவிட்டன. ரகுநாதன், பாலாநகர்க்காரர், அப்புறம் பெயர் தெரியாத "மீசைக்கார சார்". நாராயணசாமி இன்னமும் டிவியோடு கத்துகிறார். குமிழ் விஷயம் வந்தால் மட்டும் சத்தம் குறைகிறது. கம்பெனியில் இப்போது கையுறையோடு திருகிப் பார்க்காமல் யாரும் பொட்டு வைப்பதில்லை. புதிதாக எந்தச் சாமான் வரப்போகிறது என்றாலும், பூட்டோ பித்தானோ மூடியோ, ஜலஜா முதலில் தன் வீட்டில் ஒத்திகை பார்த்துவிடுகிறாள். கடுகுக்குத்தான் கஷ்டகாலம்.

போன வாரம் ஜெயந்த் லீவில் வந்தான். வந்ததும் வராததுமாக ஜலஜா காபி போட்டாள், நுரையும் ஆவியுமாக. அவன் அப்பாவோடு பேசிக்கொண்டே கையை நீட்டி, பழைய பழக்கத்தில் அந்த இரண்டு விரல்களால் டம்ளரின் வயிற்றைப் பிடித்தான்.

"ஸ்ஸ்!" என்று கையை உதறிக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்தான். "என்னம்மா இப்படிக் கொதிக்குது! ஆத்திக் குடு."

ஜலஜா டம்ளரை எடுத்தாள். ஆற்றவில்லை. புடவைத் தலைப்பால் அதன் விளிம்பைப் பிடித்து, அப்படியே அவனிடம் திரும்ப நீட்டினாள்.

"இன்னொரு வாட்டி புடிடா, கண்ணா."