செவ்வாய்க்காரருக்கு ஓர் இலை

மதுரையில் நாங்கள் ஐந்து பேர் ஆண்டுக்கு ஒரு முறை செவ்வாய்க் கிரகத்து ஆளுக்கு விருந்து வைத்தோம். அவர் வராததில் எங்களுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. வந்திருந்தால் பாயாசம் பத்தாமல் போயிருக்கும்.

எங்கள் சங்கம் பிறந்தது புதுமண்டபத்தில், பழைய புத்தகம் விற்கிற ஒரு கடையில். அட்டையில் ராக்கெட் படம் போட்ட இங்கிலீஷ் கதைப் பத்திரிகை ஒன்றை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் ஒரு ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியாரும் பிடித்து இழுத்தோம். நான் மில் ஆபீஸ் குமாஸ்தா. என் பிடி பலமில்லை. ஆனாலும் விடவில்லை. கடைக்காரர் சலித்துப்போய், "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல உக்காந்து படிங்கய்யா, என் கடைய விடுங்க" என்றார். அப்படியே செய்தோம். பிறகு ஓர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சேர்ந்தார். ரயில்வேக்காரர் இரண்டு பேரும் வந்தபின் பத்திரிகைக்குப் பஞ்சமே இல்லை. ரயிலில் முதல் வகுப்பில் துரைமார் படித்துவிட்டுப் போட்டுப்போவதெல்லாம் எங்களிடம் வந்து சேர்ந்தது. சந்திரனுக்குப் போகிறவர்கள், செவ்வாயில் கால்வாய் வெட்டுகிறவர்கள், பூமியை விலை பேசுகிறவர்கள் எல்லோரும் எங்களுக்கு நெருங்கிய பழக்கம். தெருவில் எங்களுக்கு 'ஆகாயக் கூட்டம்' என்று பெயர்.

ஆண்டு விருந்து எங்கள் வீட்டில்தான் நடக்கும். வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். தலைவரான வாத்தியார் விருந்துக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். எங்கள் ஐந்து இலைகளோடு ஆறாவதாக ஓர் இலை, செவ்வாய்க்காரருக்கு. எல்லாம் பரிமாறியபின் வீட்டுக்காரனாகிய நான் வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து மூன்று முறை அவரை அழைக்க வேண்டும். அதுவரை யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது.

முதல் வருடமே அம்மா மறித்தாள். "ஆளில்லாத எலையில சோறு வச்சா அது செத்தவுகளுக்குடா. என்ன கூத்து இது?"

கம்பவுண்டர்தான் சமாதானம் சொன்னார். "அது செவ்வாய்க்கு வைக்கிறதும்மா."

"கெரகத்துக்கா? அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே."

மறு வருடத்திலிருந்து ஆறாவது இலையின் தலைப்பக்கம் ஒரு செவ்வரளிப் பூ வந்து உட்கார்ந்தது. செவ்வாய்க்கு உகந்த தானியம் என்று துவரம்பருப்பும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. "இது சயன்ஸ்ம்மா, சாமி இல்ல" என்று வாத்தியார் முறையிட்டார். "இருக்கட்டும் தம்பி. அதுக்காக மொட்டையாவா எலை போடுறது?" என்று அம்மா முடித்துவிட்டாள். விருந்து முடிந்ததும் அந்த இலை பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும்.

இப்படி இருக்கையில் நான் டி. கல்லுப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சந்திரப் பயணத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். மோர் ஊற்ற வந்த பெண் செம்பைச் சாய்த்தபடி, "அம்புட்டுத் தூரம் போறீகளே, அங்க மோரு கிடைக்குமா?" என்று கேட்டாள். பந்தியே சிரித்தது. நான் இலையை மூடக்கூட மறந்து எழுந்து வந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். விசாரித்ததில் தூரத்து உறவு. பெண்ணின் அப்பா பருத்தி வெள்ளாமை செய்கிற சம்சாரி. சித்திரையில் வந்து பேசுவதாகச் சொல்லியனுப்பினார்.

விருந்து பங்குனியில் வந்தது. பெண்வீட்டார் வர இன்னும் ஒரு மாதம் இருந்ததால் எனக்குப் பயமே இல்லை. வாசலில் நின்று, கையைக் கூப்பி, வெயிலடிக்கிற வெறும் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டேன். "வாங்க, வாங்க. எலை போட்டாச்சு. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்." மூன்றாவது முறை சொல்லி வாயை மூடவில்லை, திருப்பத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்தா வந்துட்டேன் தம்பி."

முதலில் மீசை தெரிந்தது. செவ்வாயிலும் மீசை வைப்பார்களா என்று ஒரு கணம் யோசித்தேன். அடுத்த கணம் மீசைக்குப் பின்னாலிருந்த ஆளையும் அடையாளம் தெரிந்தது. பெண்ணின் அப்பா.

"மில்லுக்குப் பருத்தி போட வந்தேன். அப்படியே உங்கம்மாகிட்ட ஒரு விசயம் சொல்லிட்டுப் போகலாம்னு வாரேன். நான் வாரது எப்படித் தம்பி தெரிஞ்சுச்சு?"

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். ஐந்து இலை போக ஓர் இலை நிறையச் சோற்றோடு காலியாக இருந்தால் வேறு என்ன நினைப்பார்? அரளிப் பூவை ஓரமாகத் தள்ளிவிட்டு அதில் உட்கார்ந்தார். "காத்திருந்து சாப்பிடுறீகளே, நல்ல பழக்கம்" என்று என் நண்பர்களைப் பாராட்டவும் செய்தார்.

அன்று எனக்கு வேர்த்த வேர்வையை வைகையில் விட்டிருந்தால் அந்தப் பங்குனியில் ஆறு ஓடியிருக்கும். வேற்றுக் கிரகத்து ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஒருவரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் கண்ணைக் காட்டினேன்.

கம்பவுண்டர் கரிசனமாக, "அண்ணே, கண்ணுல என்ன? நாளைக்கு வாங்க, சொட்டு மருந்து தாரேன்" என்றார்.

வாத்தியாருக்கோ பொய் வராது. சும்மா இருக்கவும் வராது. "ஐயா, அந்த எலை செவ்வாய்க் கிரகத்துலேருந்து வர்றவருக்குப் போட்டது" என்றார்.

பெண்ணின் அப்பா வாய்க்குப் போன கவளம் இலைக்குத் திரும்பியது. "செவ்வாய்க்கா?"

"ஆமா. அங்க பெரிய பெரிய கால்வாயெல்லாம் இருக்குன்னு..." என்று வாத்தியார் ஆரம்பித்தார். பேச்சை அடைக்க நான் கையில் கிடைத்ததையெல்லாம் பரிமாறினேன். பாயாசத்தின் மேல் ரசம் ஊற்றினேன்.

"நிறுத்துங்க தம்பி" என்றார் அவர். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவிடம் திரும்பினார். "தங்கச்சி, நான் சொல்ல வந்ததே அதுதான். எம்மகளுக்குச் செவ்வா தோசம். அதுலயே ரெண்டு மூணு எடம் தட்டிப் போச்சு. மறச்சுக் கட்டிக் கொடுக்க மனசு ஒப்பல. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரலாம்னுதான் வந்தேன். இங்க என்னடான்னா..." என்று இலையைப் பார்த்தார்.

இப்போது என் பயம் ஆள் மாறி அம்மா பக்கம் போய் நின்றது. தோஷமுள்ள பெண் வந்தால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பார்கள். அம்மாவுக்கு நான் ஒற்றைப் பிள்ளை. வாத்தியார் எனக்காக, "அது கோடிக்கணக்கான மைலுக்கு அங்கிட்டு இருக்கும்மா" என்று சொல்லிப் பார்த்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஓரமாகக் கிடந்த அரளிப் பூவை எடுத்து இலையின் தலைப்பக்கம் திரும்ப வைத்தாள்.

"அண்ணே, வருசா வருசம் என் கையால பருப்பு அவிச்சு, வடை சுட்டு, வாசல்ல ஆள நிக்க வச்சுக் கூப்பிட்டு அந்தக் கெரகத்துக்குச் சோறு போட்டுக்கிட்டு வாரேன். மருதையில வேற எந்த வீட்டுலயாச்சும் போட்டிருக்காகளா? எங்க சோத்தத் தின்னுட்டு எங்க வீட்டுக்கு வார பிள்ளைக்கு அது கெடுதல் பண்ணிருமா?"

"மாடுல்ல தின்னுச்சு" என்றார் கம்பவுண்டர்.

"நீ சும்மா இருடா."

பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்தது வேர்வை மட்டும் என்று சொல்ல மாட்டேன். பிறகு, "அப்ப நான் இந்த எலையில சாப்பிடலாமா, எந்திரிக்கணுமா?" என்று கேட்டார்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். "செவ்வாய் விசயமா வந்தவருதானே. சாப்பிடலாம்."

சாப்பிட்டார். பாயாசத்தையும் மிச்சம் வைக்கவில்லை. "மிளகு கொஞ்சம் தூக்கல், மாப்ள" என்று மட்டும் சொன்னார். அந்த 'மாப்ள'வுக்காக நான் ஒரு குண்டான் மிளகையும் அப்போதே தின்றிருப்பேன். கை கழுவும்போது வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கால்வாயில கடைசி வயலுக்குத் தண்ணி போகுதாமா? எங்க பக்கம் மழைய நம்பித்தான் பொழப்பு. பெரியாத்து அணைத் தண்ணியெல்லாம் ஒத்தக்கடைப் பக்கத்து வயலுக்கே போயிருது." கதையில் அது வரவில்லை என்றார் வாத்தியார். "அத எழுதாம அப்புறம் என்ன எழுதுனாக?" என்று கேட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. என் உயிர் இன்றுவரை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதன்பின் எங்கள் விருந்தில் ஆறாவது இலை காலியாக இருந்ததில்லை. யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் திண்டாடிய வருடத்தில்கூட மாமா ஒரு சாக்குக் கம்போடு வந்து சேர்ந்தார். அந்த வருடம் செவ்வாய்க்குக் கம்பஞ்சோறு. எப்போது வந்தாலும் அவர் நேராக வீட்டுக்குள் நுழைய மாட்டார். திருப்பத்திலேயே நின்றுகொள்வார், மூன்றாவது தடவை அழைத்தால்தான் வருவார். சட்டம் சட்டம்தானே. நான் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, மூன்றாவதற்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெதுவாக நிற்பேன். "எங்கப்பா வெயில்ல நிக்கிறாக" என்று உள்ளேயிருந்து கரண்டியோடு ஒரு சத்தம் வரும்.