வியன்னாவிலிருந்து வந்த பிக்கப்

ஸாயெச்சார் என்ற ஊரில் வித்தோயே என்று ஒருவன் இருந்தான். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தான்; அதை மூடியபோது வேலை போயிற்று. குடியிருந்த வீடு மாமனார் கட்டியது. பிள்ளை இல்லை. கடைத்தெருவில் யாராவது அவனை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் "நம்ம ஸ்தானா புருஷன்" என்பார்கள். ஆக, தன்னுடையது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் கித்தாரின் சத்தம்.

கித்தாரைச் சொல்லவில்லை, சத்தத்தைச் சொல்கிறேன். கித்தார் பழைய செக் நாட்டுச் சரக்கு, கழுத்து ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கும். ஆனால் அதில் அவன் மெல்லத் தொட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அழுத்தித் தட்டினால் மட்டும் கொஞ்சம் கோபப்படும். இருபது வயதிலிருந்து அந்தச் சத்தத்தைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து வைத்திருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் 'இது வித்தோயே' என்று ஊர் சொல்லும் என்று அவன் நம்பினான். யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

கம்பி துடிப்பதைச் சத்தமாக மாற்றுவது அடியில் இருக்கிற பிக்கப். காந்தத்தின் மேல் முடியை விட மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருப்பார்கள். அவனுடையது ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள். ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும். அந்த வருஷம் வசந்த காலத்தில் முன்பக்கத்து ஹம்பக்கரில் ஒரு சுருள் செத்துப்போயிற்று. குரல் மெலிந்து, கூடவே ஈ மொய்க்கிற மாதிரி ஓர் இரைச்சல். பின்பக்கத்தது சத்தத்தைக் கூட்டினாலே வீல் என்று கத்தியது.

அவன் வாசித்த குழுவில் டிரம்ஸ்காரன் க்வோஸ்டன்தான் தலைவன். பகலில் கறிக்கடை வைத்திருந்தான். பேச்சும் கறிக்கடைப் பேச்சுதான்.

"டேய் வித்தோயே, ஆகஸ்டுல விழா. சதுக்கத்துல மேடை குடுத்திருக்காங்க. அந்தப் பன்னி கத்துறத நிறுத்துறியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா?"

"நிறுத்துறேன்டா. அவசரப்படாத."

"நான் அவசரப்படல. காலண்டர்தான் அவசரப்படுது."

வித்தோயே கித்தாரைத் தூக்கிக்கொண்டு நிஷ் நகரத்துக்குப் பஸ் ஏறினான். அங்கே வெரிட்சா என்ற பெண், ரேடியோ தொழிற்சாலையில் சுருள் சுற்றியவள், வீட்டுச் சமையலறை மேசையில் பிக்கப் சுற்றிக் கொடுத்தாள். அவளை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பழையதைத் திறந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மேல்பூச்சு தூளாக உதிர்ந்தது.

"இத மறுபடி சுத்துனா நிக்காது. புதுசுதான். மூணு மாதிரி இருக்கு, வாசிச்சுப் பாருங்க."

தன்னுடைய சோதனைக் கித்தாரில் ஒவ்வொன்றாக மாட்டிக் கொடுத்தாள். முதலாவது சுற்று நிறைய, காந்தம் முரட்டுக் காந்தம். தொட்டவுடன் கூரை அதிர்ந்தது. மெல்லத் தொட்டாலும் அதே அதிர்ச்சி, பலமாகத் தட்டினாலும் அதே அதிர்ச்சி. "இதுல என் கை எங்க இருக்கு?" என்று கேட்டான் வித்தோயே. இரண்டாவது நடுத்தரம், பளபளவென்று இருந்தது, அவ்வளவுதான். மூன்றாவதில் சுற்று குறைவு, காந்தமும் சாது. ஒரு தடவை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டான். இன்னொரு தடவை மீட்டினான். பிறகு அடுப்பில் காப்பி பொங்கி வழிகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

"இதுதான் மாஸ்டர்."

"யோசிச்சுக்கோங்க. பசங்க எவனும் இதக் கேக்கறதில்ல. மேடையில டிரம்ஸ் பக்கத்துல நின்னா அமுங்கிடும்."

"முப்பது வருஷமா அமுங்கித்தான் வாசிக்கறேன்."

"அப்ப சரி. உங்க கித்தாருக்குத் தோதா கொஞ்சம் கூடக் குறைச்சுச் சுத்தி வைக்கறேன். விழாவுக்கு ரெண்டு வாரம் முந்தி வாங்க."

அந்தக் கோடை முழுக்க அவன் மாப்பிள்ளை மாதிரி நடந்தான் என்று ஸ்தானாவே சொல்லுவாள்.

இங்கேதான் கூம் வருகிறார். அவர் எப்படி உறவு என்று சொல்லாவிட்டால் கதை நகராது. வித்தோயேயின் தாத்தாவுக்கு ஞானஸ்நானத்தில் தலை தொட்டு ஞானத்தகப்பனாக நின்றது யோவிட்சா. யோவிட்சாவின் மகன் வித்தோயேயின் அப்பா ஸ்ரெட்டனுக்குக் கல்யாணச் சாட்சி நின்றான். அந்த மகனுடைய மகன் திஹோமிர்தான் வித்தோயே ஸ்தானா கல்யாணத்தில் சாட்சி. இப்படித் தலைமுறையாக வருகிற ஞான உறவுக்குத்தான் கூம் என்று பேர். இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கூமே என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். கூம் மனசு கோணக்கூடாது. அவர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அதனால்தான் கூம் காதில் விழும்படி வீட்டுக் குறை எதையும் பேசக்கூடாது. பேசினால் அது கேட்டதாகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

திஹோமிர் வியன்னாவில் கட்டட வேலை. ஜூலையில் போன் பண்ணினார். வித்தோயே எப்படியிருக்கான் என்று கேட்டார். ஸ்தானா வாய் தவறிவிட்டாள். "அவனுக்கென்ன கூமே, கித்தார்ல ஏதோ காந்தம் போயிடுச்சாம். நிஷுக்கும் வீட்டுக்குமா அலையறான்."

போனை வைத்த பிறகுதான் கையை உதறிக்கொண்டாள். வித்தோயேயிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டு பிறந்ததும், வியன்னாவுக்கு வேலைக்குப் போய் லீவுக்குத் திரும்பியவர்களின் கார்கள் ஊரை அடைத்துக்கொண்டன. திஹோமிர் வாசலிலிருந்தே கத்தினார். "கூமே! வெளிய வா! முகத்தக் காட்டு!"

மூன்று முறை கன்னத்தில் முத்தம். ராக்கியா என்கிற பழச்சாராயம் வந்தது. திஹோமிர் பையிலிருந்து கறுப்பு அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஜோடியாக ஹம்பக்கர், பாலிஷ் போட்ட ஷூ மாதிரி மின்னியது.

"கடைக்காரன் எதையெதையோ காட்டுனான் கூமே. இது மென்மை, அது இனிமைன்னான். நான் சொன்னேன், தம்பி, நான் கான்கிரீட் போடறவன், எங்கிட்ட மென்மையப் பேசாத. கடையிலயே எது ரொம்பப் பலமோ அதக் குடுன்னேன்."

வித்தோயே ஸ்தானாவைப் பார்த்தான். அவள் ரொட்டி எடுக்க உள்ளே போய்விட்டாள்.

"என்ன கூமே, பேச்சக் காணோம்? புடிக்கலியா?"

"புடிக்காம என்ன கூமே. நீங்க ஏன் இவ்வளவு தூரம்..."

"யாருக்குச் செய்யறேன்? மாட்டு. நான் உக்காந்து பாக்கறேன்."

அவர் குடித்துக்கொண்டே பார்த்தார். வித்தோயே பழையதைக் கழற்றி, புதியதைப் பற்றவைத்தான். ஈயம் உருகிய வாடை வீடெல்லாம் பரவியது. மாட்டி முடித்து ஒரு கம்பியைத் தொட்டான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திஹோமிர் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார்.

"இதுடா கித்தார்!"

மறுநாள் வித்தோயே நிஷுக்குப் போன் பண்ணினான்.

"மாஸ்டர், எனக்கு வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"யாருக்குக் குடுக்கறது? உங்களத் தவிர இத ஒருத்தரும் கேக்கலியே. கூடக் காசு கேட்டேன்னு நெனச்சீங்களா?"

"அதில்ல. எங்க கூம் ஒண்ணு கொண்டுவந்துட்டார்."

"ஓ," என்றாள் வெரிட்சா. அவளும் இந்த மண்ணுக்காரிதானே. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஒத்திகையில் முதல் பாட்டு முடிந்ததும் க்வோஸ்டன் குச்சியைக் கீழே வைத்தான். வித்தோயே ஏச்சு வாங்கத் தயாராக நின்றான். அதை எதிர்பார்த்தான் என்றுகூடச் சொல்லலாம். ஏசினால் அதைச் சாக்காக வைத்து மாற்றிவிடலாம்.

"அட கிழட்டுக் கழுதை! இத்தன வருஷம் இத எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே? இப்பதான்டா நம்ம குழுவுல கித்தார்காரன் ஒருத்தன் இருக்கான்னே தெரியுது!"

பாட்டுக்காரனும் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

விழா வாரத்தில் சதுக்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் திஹோமிர், கழுத்தில் தங்கச் சங்கிலி, கையில் பீர். முதல் பாட்டிலேயே பசங்கள் குதித்தார்கள். நடுவில் ஒரு மெதுவான பாட்டு வந்தது. அதில் வித்தோயே சத்தக் குமிழைப் பாதிக்கு இறக்கினான், தொனிக் குமிழையும் இறக்கினான், விரலைக் கழுத்துப் பக்கம் நகர்த்தி, நகம் படாமல் தொட்டான். முழுசாக வரவில்லை. ஆனாலும் நாலு சுரம், அடுத்த வீட்டிலிருந்து வருகிற மாதிரி, அவனுடைய சத்தம் எட்டிப் பார்த்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"டேய்! கேபிள் கழண்டுடுச்சாடா?" பின்னாலிருந்து க்வோஸ்டன் கத்தினான்.

பாட்டுக்காரன் பாடிக்கொண்டே கண்ணால் கேட்டான். கீழே ஒலிக்காரன் கையை ஆட்டினான், ஒன்றும் வரவில்லை என்று. திஹோமிர் கையை வாயில் குவித்து, "கூமே! பலமா! பலமா!" என்றார்.

வித்தோயே குமிழைக் கடைசிவரைக்கும் திருப்பினான். சதுக்கம் ஆரவாரித்தது.

அன்றிலிருந்து அவனுக்குப் பேர் வந்தது. கல்யாணங்களுக்குத் தேடி வந்தார்கள். அந்த விழா ராத்திரி வீட்டுக்குத் திரும்பி நடக்கையில் ஸ்தானா அவன் கையைக் கோத்துக்கொண்டாள். போனில் உளறியதற்கு இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தவள், இப்போது லேசாகிவிட்டாள்.

"பாத்தியா மனுஷா, ஜனங்க எப்படித் திரும்பிப் பாத்தாங்க! அந்தக் காந்தத்த முன்னாடியே மாத்தியிருக்கலாம் நீ."

வித்தோயே கித்தாரைத் தோள் மாற்றிக்கொண்டான். பிறகு கேட்டான். "முன்னாடி எப்படி இருந்துச்சு ஸ்தானா? பழைய சத்தம். ஞாபகம் இருக்கா?"

முப்பது வருஷம் ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவள். நின்று, நிஜமாகவே யோசித்தாள்.

"எப்படி இருந்துச்சுன்னா... கித்தார் மாதிரிதான் இருந்துச்சு."