கரண்ட் போனால் உயிர் வரும் லப்டொப்

போன வருடம், சாவகச்சேரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருந்த எனக்கு, வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு வந்தது. வீடியோவில், கணினித் திரையைக் காட்டிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும்.

என்னிடம் இருந்ததோ சித்தப்பா கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்த பழைய லப்டொப். விண்டோஸ் அதில் ஆமையாக நகர்ந்ததால் நானே லினக்ஸ் போட்டிருந்தேன். வேகமாகத்தான் ஓடியது. ஆனால் நினைத்தாற்போல் அப்படியே உறைந்துவிடும், மவுஸ்கூட அசையாது. சூடாகிறதாக்கும் என்று மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். லினக்ஸையே மாற்றிப் போட்டும் பார்த்தேன். ம்ஹூம்.

தேர்வுக்கு முதல் நாள் காலை மின்சாரம் நின்றது. நான் பற்றரியில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த கணவர் சிரித்தார்.

“இஞ்சரும், கரண்ட் இல்லாட்டித்தான் உம்மடை லப்டொப்புக்கு உயிர் வருது!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு யோசித்தால், உண்மைதானே! மதியம் வரை ஒருமுறையும் உறையவில்லை. கரண்ட் வந்து கொஞ்ச நேரத்தில் உறைந்தது. சார்ஜரைக் கழற்றினேன், அப்போதும் உறைந்தது. அப்படியென்றால் கரண்டோடு சேர்ந்து வேறென்ன வருகிறது? பக்கத்து வீட்டு ரியூசன் மாஸ்டர் எங்களுக்கும் தந்திருந்த வைஃபை! அதை அணைத்துப் பார்த்தேன். லப்டொப் நல்ல பிள்ளையாக ஓடியது. போனில் தேடியபோது விளங்கியது: அதற்குள் இருக்கும் வைஃபை சிப்புக்கு லினக்ஸில் அதை ஒழுங்காக இயக்கும் டிரைவர் மென்பொருளே இல்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்தான். வைஃபை இல்லாமல் வீடியோ எப்படி? போன் சிக்னலும் வந்து வந்து போகும். மாஸ்டர் வீட்டுக் கணினியைக் கேட்கலாமென்றால் அது இருக்கும் விறாந்தை நிறையப் பிள்ளைகள், ஒரே சத்தம். வெட்கத்தை விட்டு வேலியோடு நின்று அவரிடம் சொன்னேன்.

“வயர் இழுத்தால் சரிதானே, பிள்ளை?” என்றவர், அந்தக் கிழமைதான் அடைத்திருந்த வேலியில் கிடுகு ஓலையை விலக்கி, கை நுழையுமளவுக்கு ஒரு பொட்டு வைத்து, அதற்குள்ளால் தன் வைஃபை பெட்டியிலிருந்து கேபிளை நீட்டினார்.

“ஐயோ மாஸ்டர், புது வேலி!”

“வேலியைப் பிறகும் அடைக்கலாம். இன்ரவியூ பிறகு வருமே?”

மறுநாள் லப்டொப் கடைசிவரை உறையவில்லை. வேலை கிடைத்தது.

இது ஏன் உறைகிறது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்த நான், எப்போது உறையாமல் ஓடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதெல்லாம் குழந்தை விடாமல் அழுதாலும், கணவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும், எனக்கு முதலில் வருவது அந்த இரண்டாவது கேள்விதான்.