ஐந்தில் ஒன்று பொய்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மண்டபத்தில் புரொஜெக்டர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பரமத்தியிலிருந்து தங்கவேல் கூப்பிட்டார். முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். "டாக்டருங்க, நம்ம ரேணுகா மேடம் போயிட்டாங்களாமா. காலைல நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்களாமா." வேறு யாரைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் உடனே நம்பியிருப்பேன். ரேணுகாதேவி என்றதும், சொன்னதில் எது பொய் என்று ஒரு கணம் தேடினேன். அப்படித் தேட எங்களைப் பழக்கியவரே அவர்தான்.

நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கோழித்தீவன நிறுவனத்தில் இருவரும் பன்னிரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் கால்நடை மருத்துவர். அவர் பண்ணை பண்ணையாகப் போய்வரும் களப்பணியாளர். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு நோய், தீவனம், வெயில் என்று பேசுவது எங்கள் வேலை. பேசுவது என் பங்கு, தூங்குவது பண்ணைக்காரர்கள் பங்கு என்றுதான் முதலில் இருந்தது.

ராசிபுரத்தில் நடந்த எங்கள் முதல் கூட்டத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. திரையில் காட்ட அறுபத்து நான்கு படங்கள் தயார் செய்து போயிருந்தேன். ஏழாவது படத்தில் முன்வரிசை கண்ணை மூடியது. பின்வரிசை முட்டை விலை பேசியது. மீதிப் பேர் டீ குடிக்கப் போனார்கள். ரேணுகா என்னிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி மைக்கைப் பிடித்தார். "அஞ்சு சங்கதி சொல்லப் போறேனுங்க. அதுல ஒண்ணு பொய். எதுன்னு நீங்கதான் புடிக்கோணும்." அவ்வளவுதான். டீ கிளாஸோடு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மூன்றாவதுதான் பொய் என்று ஒரு வரிசை, இரண்டாவது என்று இன்னொரு வரிசை. மண்டபம் சந்தைக்கடையாகிவிட்டது. கடைசியில் எது பொய், ஏன் பொய் என்று அவர் விளக்கியபோது ஒருவர்கூட வாசல் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

எப்படி இது என்று காரில் கேட்டேன். "சும்மா கேட்டா காதுல உழுகும், தப்பைப் புடிக்கோணும்னு கேட்டாத்தான் மண்டைல உழுகும்" என்றார். கூட்டம் தொடங்கும் முன் அவர் எப்போதும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். முன்வரிசையில் இருப்பது பாதி நம் கம்பெனி ஆட்கள்தான், நிஜமான பண்ணைக்காரர் பின்னால்தான் இருக்கிறார் என்பார். எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

பரமத்தியில்தான் அது நடந்தது. பங்குனி வெயில். கோழிகளை வெக்கையிலிருந்து காப்பது பற்றி ஐந்து சங்கதி சொன்னார். உச்சி வெயிலில் தீவனத்தைக் கூட்டிப் போட வேண்டும் என்பதுதான் பொய். அந்நேரம் தீவனம் தின்றால் கோழிக்கு உடம்புச் சூடு ஏறும். காலையிலும் சாயங்காலமும்தான் போட வேண்டும். விடையைச் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஒருவர் "இலை போட்டாச்சுங்க" என்றார். நம் பக்கம் இலை போட்டாச்சு என்ற பிறகு நாற்காலியில் யார் இருப்பார்கள்? மண்டபம் காலி. சிரித்துக்கொண்டே ரேணுகாவும் ரசம் ஊற்றப் போய்விட்டார்.

நாமக்கல் திரும்பும் வழியில் திடீரென்று காரை நிறுத்தச் சொன்னார். "டாக்டருங்க, எது பொய்யின்னு சொல்லவே இல்லீங்க." இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சமாதானம் சொன்னேன். "தெரியாதவரு ஒருத்தரு இருந்தாப் போதுங்க, அவரு கோழி செத்துப்போயிரும்" என்றார். கூட்டத்துக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக்கொண்டு அன்றே போன் போட ஆரம்பித்தார். பாதிப் பேர் நம்பரே எழுதவில்லை. மறுநாள் விடிந்ததும் அவர்களைத் தேடி ஸ்கூட்டரில் கிளம்பினார். என் பைக்கில் நானும் கூடவே போனேன். தாளின் கடைசியில் வெறும் 'தங்கவேல்' என்றிருந்தது. அந்தப் பக்கம் தங்கவேலுக்கா பஞ்சம்? முதல் தங்கவேல் கூட்டத்துக்கே வரவில்லை. இரண்டாமவர் லாரி ஓட்டுகிறவர்.

மூன்றாவது தங்கவேலைக் கண்டுபிடித்தபோது உச்சிப் பொழுது. அவர் ஷெட்டுக்குள் தீவன வாளியோடு நின்றிருந்தார். ரேணுகா ஓடினார். அந்த ஓட்டத்திலும் வாசலில் நின்று, கிருமி உள்ளே போகாதிருக்க வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். கோழிகள் இறக்கையை விரித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மூன்று அதற்குள் செத்துக் கிடந்தன. கூட்டத்தில் தான் சொன்னது பொய், தப்பு தன்மேல்தான் என்று தங்கவேலிடம் நேராகச் சொன்னார். தங்கவேல் கோபப்படவில்லை. "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுன்னு போட்டுட்டனுங்க" என்றார். திட்டியிருந்தால்கூட ரேணுகா தாங்கியிருப்பார். அன்று பொழுது சாயும் வரை நாங்கள் மூவரும் மாறி மாறிக் கூரைமேல் தண்ணீர் பீய்ச்சினோம்.

அதற்குப் பிறகு ரேணுகா பேசத் தொடங்கும் முன்பே பொய் எதுவென்று ஒரு சீட்டில் எழுதி, மடித்து, கடைசி வரிசைக்காரர் கையில் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அதைப் படித்துச் சொல்லாமல் பந்தி கிடையாது.

சென்ற வாரம் நாமக்கல்லில் பண்ணைக்காரர்கள் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் தெய்வமாக்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கூட்டத்திலா இப்படி என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கடைசி வரிசைக்குப் போய் அந்த மூன்றாவது தங்கவேல் கையில் ஒரு சீட்டைத் திணித்துவிட்டு மேடையேறினேன். "ரேணுகாவைப் பற்றி ஐந்து சங்கதி சொல்கிறேன், ஒன்று பொய்" என்றேன். தலைகள் நிமிர்ந்தன. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூட்டம் என்னைப் பார்த்தது. முதல் இரண்டைச் சொன்னேன். மூன்றாவதாக, "அவர் ஒரு கூட்டத்திலும் தவறு செய்ததில்லை" என்றேன்.

தங்கவேல் எழுந்துவிட்டார். சீட்டைப் பிரிக்கவே இல்லை. "அதுதானுங்க பொய். தப்பு பண்ணுனாங்க. எங்க ஊடு தேடி வந்து ஒத்துக்கிட்டாங்க." சொல்லிவிட்டு நின்றபடியே அழுதார். அங்கங்கே ஆட்கள் எழுந்து, என் வீட்டுக்கும் வந்தார், எனக்கும் போன் செய்தார் என்று சொல்லத் தொடங்கினார்கள். மீதி இரண்டு சங்கதியை நான் சொல்லவே இல்லை.

பொய் சொல்லிக் கூட்டத்தைக் கட்டிப்போட நானும் பழகிக்கொள்வேன். ரேணுகாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைவிடப் பெரியது: மூன்றாவது தங்கவேலின் வாசல் வரை போன அந்த ஸ்கூட்டர். அந்த நினைவுக் கூட்டத்திலும் வாசலில் ஒருவர் வந்து இலை போட்டாச்சு என்றார். யாரும் எழவில்லை.