கேமராவுக்கு வைத்த பொட்டு

அப்பாவின் காரில் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா ஆன் ஆகவே இல்லை. முந்தின வாரம் பைக்கில் வந்த ஒருவன் தானே மோதிவிட்டு, நான்தான் இடித்தேன் என்று சாதித்தான். கூட்டமும் அவன் பக்கம். பதிவு இருந்திருந்தால் மூஞ்சிக்கு நேரே காட்டியிருப்பேன். வயரை மாற்றினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன், ஃப்யூஸைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கேமராவில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

கணபதிப் பகுதியில் ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டு போனேன். அம்மா பின்சீட்டில் இருந்தாள். அப்பா செத்த பிறகு அவள் முன்சீட்டில் உட்காருவதில்லை.

மெக்கானிக் கேமராவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆயுத பூசைக்கு இதுக்கும் சந்தனம் வச்சீங்களா?"

"அப்பா வெச்சது."

"சாமிக்குக்கூட இத்தனை அப்பமாட்டாங்க. வயர் சொருகற ஓட்டைக்குள்ள ஓடி, கல்லாட்டக் காஞ்சு கெடக்குது. தொடச்சுச் சுரண்டுனா ஆன் ஆயிருமுங்க."

சந்தனத்தின் மேல் குங்குமம். அதில் அப்பாவின் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அந்தப் பூசை முடிந்து தீபாவளிக்குள் அவர் போய்விட்டார்.

மெக்கானிக் ஈரத்துணியை எடுத்தார்.

"கண்ணு, வேண்டாம்னு சொல்லு," என்றாள் அம்மா. "எம் பொட்டத்தான் அழிச்சுப்போட்டாங்க. அதையாச்சும் உட்டுறச் சொல்லு."

கருமாதி அன்று அவள் நெற்றியைத் துடைத்தது அப்பாவின் அக்கா. நான் அத்தையின் கையைத் தட்டிவிட்டேன். பெரிய மனுசர்கள் சேர்ந்து என்னை வெளியே இழுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. மறுநாள் குங்குமச் சிமிழை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. இன்றைக்கும் அந்தச் சடங்கு செய்கிறவர்களைக் கண்டால் அறையத்தான் தோன்றுகிறது.

"உட்டுருங்க," என்றேன்.

பழைய கேமராவை இருந்த இடத்திலேயே ஒட்டச் சொல்லி, பக்கத்தில் புதிதாக ஒன்று மாட்டிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, அம்மாவோடு போகையில், அவிநாசி ரோட்டில் இன்னொரு வண்டிக்காரனோடு தகராறு. வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவன் வண்டி நம்பர் தெளிவாகத் தெரிந்தது. என் கத்தலும் கேட்டது. அது ஓய்ந்த பிறகு, பின்சீட்டிலிருந்து, அப்போது என் காதில் விழாத தாழ்ந்த குரலில் அம்மா.

"ஏனுங்க."

அப்பாவை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

"பையன் கோவமா ஓட்டறானுங்க. கொஞ்சம் சொல்லுங்க."

சிறிது நேரம் வெறும் எஞ்சின் சத்தம். பிறகு, "சரிங்க" என்றாள்.